இடப்பக்கத்து ஏலம்

ஆறு வித்தியாசங்களில் மூன்றைக் கண்டுபிடித்ததும் என் கணவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்புட்டுதான். மூணுதான் இருக்கு."

"ஆறுன்னு மேல போட்டிருக்கே."

"தப்பாப் போட்டிருப்பாக. ஒங்க பேப்பர்ல இது புதுசா?"

அது நான் போட்ட புதிர். மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில ஆண்டுகள் ஞாயிறு இணைப்பின் புதிர்ப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே எதை மாற்ற வேண்டும் என்று சொல்லி வரைந்து வாங்குவேன். இந்தப் படம் ஒரு பேருந்து நிறுத்தம். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு படங்கள். நடத்துனரின் பை, பேருந்தின் கடைசி ஜன்னல், பழக்காரியின் கூடை ஆகிய மூன்றையும் அவர் வட்டமிட்டிருந்தார். மூன்றும் படத்தின் வலது பாதியில் இருந்தன. இடது பாதியில் நாயின் வால், கம்பியில் உட்கார்ந்த காக்கை, ஒருவர் காலில் இல்லாத செருப்பு என மீதி மூன்றும் அப்படியே கிடந்தன. பென்சில் படத்தின் நடுவிலிருந்து புறப்பட்டு வலது ஓரம் வரை போய் மறுபடியும் நடுவுக்கே வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவைத் தாண்டி இந்தப் பக்கம் அது ஒருமுறைகூட வரவில்லை.

அவருக்கு மூளையின் வலது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்து, மதுரையில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ராஜபாளையம் வீட்டுக்கு வந்த வாரம் அது. நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்ததால் இடது கையும் காலும் விரைவில் அசையத் தொடங்கின. கம்பு ஊன்றி நடந்தார். பேச்சில் குழறல் இல்லை, கேலி குறையவில்லை. கண்ணைச் சோதித்த மருத்துவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். ஆனால் முகத்தில் வலது பாதிதான் சவரமாகியிருக்கும். தட்டில் வலது பாதிச் சோறுதான் காலியாகியிருக்கும். இடது பக்கம் வைத்த பொரியலைத் தொடாமல், பொரியல் வைக்கவில்லையா என்று கேட்பார். நரம்பியல் மருத்துவர் சொன்னதை இரண்டாம் முறையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: கண் பார்க்கிறது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை சட்டை செய்வதில்லை. அதனால் அங்கே எதுவும் விடுபட்டுப் போனதாக அவருக்குத் தோன்றவும் தோன்றாது.

"எனக்கு எல்லாந் தெரியுது. நீங்கதான் என்னைய நோயாளி ஆக்குறீய" என்பார். அவர் அளவில் அது உண்மை.

எங்கள் வீட்டில் இது வெறும் சவரச் சங்கதியாக நின்றிருந்தால் நானும் பொறுமையாக இருந்திருப்பேன். அவர்தான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் விடுகிறவர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை சபையார் தங்கள் விளைச்சலில் முதலாவதைக் கோயிலுக்கு, அதாவது எங்கள் கிறிஸ்தவ ஆலயத்துக்கு, கொண்டுவருவார்கள். நிலம் உள்ளவர்கள் தேங்காய், வாழைத்தார், பருத்தி கொண்டுவருவார்கள். இல்லாதவர்கள் கோழி, முறுக்கு, தைத்த தலையணை உறை கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே எல்லாம் ஏலம் போகும், அதன் பிறகு அசனம் என்கிற பொதுச் சாப்பாடு. ஏலம் கேட்பதில் எங்கள் சபைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் உரக்கக் கேட்பார்கள். பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். புருவம் தூக்குவது, முந்தானை நுனியை ஆட்டுவது, இடுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து உயர்த்துவது என்று எல்லாம் சைகைதான். யார் யாருக்கு என்ன சைகை என்பது ஏலம் விடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது கண்ணில் படவும் வேண்டும். கோயில் படியில் நின்று வளாகத்தைப் பார்த்தால் ஆண்கள் வலப்பக்கம் நிற்பார்கள், பெண்கள் இடப்பக்கம்.

பஞ்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்த காலம் முழுக்க, அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படியில் ஏறி நின்றவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குள் அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பதவியும் அதுதான்.

வீட்டுக்கு வந்த சில நாளில் சபைச் செயலாளர் ஹார்லிக்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பருத்தி வியாபாரி, நல்ல மனிதர். கட்டிலுக்கு வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த வருசம் நீங்க செத்த ஓய்வெடுங்கண்ணே. ஏலத்த எங்க மச்சினன் பாத்துக்கிடுவான். மைக்க புடிச்சான்னா கூமாப்பட்டி வர கேக்கும்."

"கூமாப்பட்டிக்காரனா ஏலம் எடுக்கப் போறான்?" என்றார் இவர்.

"அதுக்கில்லண்ணே. உடம்பு முக்கியம்லா."

"பண்டிகைக்கு நாள் கெடக்கு. வந்து பாருங்க. ஒத்து வரலன்னா நானே மைக்க அவன் கையில குடுத்திருதேன்."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் காப்பி எடுக்க எழுந்தேன்.

நாற்காலி வலது பக்கம் கிடந்ததற்குக் காரணம் அவருடைய தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறாள். அண்ணன் வருகிறான் என்றதும் முதல் வேலையாக வந்து, இடது பக்கம் புரண்டு விழுந்துவிடுவான் என்று கட்டிலை இடது புறம் சுவரோடு ஒட்டிப் போட்டாள். டிவி, தண்ணீர்ச் செம்பு, பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வலது பக்கம். வருகிற ஒவ்வொருவரையும் வாசலிலேயே நிறுத்தி, "அண்ணனுக்கு அந்தப் பக்கம் சங்கடம், இந்தப் பக்கமா உக்காருங்க" என்று சொல்லி அனுப்பினாள். அன்பினால் செய்ததுதான், எனக்கும் சரியாகவே பட்டது. எங்கள் பக்கத்தில் நோயாளி வீடு என்றால் இப்படித்தான்: எந்தப் பக்கம் முடியாதோ அந்தப் பக்கத்துக்கு வேலையே வைக்க மாட்டோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய சிகிச்சை மையத்துக்குப் போகச் சொல்லி மதுரையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்த தெரபிஸ்ட் இளம்பெண். ஆலங்குளத்துக்காரி. நாங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு முதல் நாளே சொன்னாள்.

"கட்டிலைத் திருப்பிப் போடுங்கம்மா. சுவர் வலது பக்கம் இருக்கட்டும். டிவி, தண்ணி, ஆளு எல்லாம் இடது பக்கம். அங்கிளுக்கு எது புடிக்குமோ அதெல்லாம் இடது பக்கத்துலதான் இருக்கணும்."

"அப்ப எம் பொண்டாட்டி வலது பக்கம் உக்காரலாம்" என்றார் இவர். அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது வருகையில்தான் சிரித்தாள்.

கட்டிலைத் திருப்பியபோது தங்கை என்னோடு சண்டைக்கு வந்தாள். "மதினி, நீங்க படிச்சவியதான், ஆனா இது எனக்கு நல்லதாத் தெரியல. மனுசன் தண்ணிக்குத் தவிச்சுக் கெடக்கணுமா?" அன்று மாலை செம்பைத் தேடி அவர் வலது பக்கம் சுவரையே தடவிக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தோம். அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் கடைசியில் முகத்தைத் திருப்பிச் செம்பை எடுத்தார்.

புதிர்கள் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வந்தன. தாளின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி, ஒவ்வொரு வரியிலும் முதலில் அந்தச் சிவப்பைக் கண்ணால் தொட்டுவிட்டுப் படிக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். நாளிதழ் பத்தியைக் கொடுத்து அதில் உள்ள 'க' எழுத்தையெல்லாம் அடிக்கச் சொன்னாள். எழுத்துக் கட்டங்களுக்குள் ஊர்ப் பெயர் தேடுவது, சீட்டுகளைப் பரப்பி ஜோடி சேர்ப்பது, படத்துண்டுகளைக் கோப்பது எல்லாம் உண்டு. என்னிடம் பரணில் பழைய புதிர்ப் பக்கங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒரு கட்டை இறக்கினேன்.

கண்ணை எப்படி ஓட்ட வேண்டும் என்பதற்கு அவள் கலங்கரை விளக்கத்தை உதாரணம் சொன்னாள். விளக்கின் ஒளி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கடலைத் துழாவுகிற மாதிரி.

"ராஜபாளையத்துல எங்கம்மா கடலு?" என்றார் இவர். செத்த நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். "மில்லுல மிஷினுக்கு மேல தண்டவாளத்துல ஒரு புளோயர் ஓடும். பஞ்சத் தூத்து ஊதிவிடும். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரப் போயி, ஸ்டாப்பர்ல முட்டுனாத்தான் திரும்பும். பாதியில திரும்பிச்சுன்னா மிச்ச மிஷினெல்லாம் பஞ்சு அடஞ்சு போகும். அதச் சொல்லுத நீ."

"அதேதான் அங்கிள். இடது பக்க ஸ்டாப்பர்ல முட்டணும்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் இடது பக்கம் என்று சொல்லவில்லை. ஸ்டாப்பர் என்றே சொன்னோம். சோற்றுத் தட்டின் முன் அவர் சும்மா உட்கார்ந்திருந்தால், "ஸ்டாப்பர்" என்று நான் அடுப்படியிலிருந்து சொல்வேன். முகம் திரும்பும், பொரியல் கிடைக்கும்.

பேருந்தில் போகும்போது இன்னொன்றைக் கவனித்தேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகையில் மேற்குத் தொடர்ச்சி மலை இடது கைப் பக்கம் கூடவே வரும். திரும்பும்போது வலது பக்கம். போகும்போது வெயில், ரோடு, எதிரே வருகிற லாரி என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். வரும்போது மட்டும், "மலையில மேகம் எறங்கியிருக்கு. அய்யனார் கோவில் ஆத்துல தண்ணி வந்திரும்" என்பார். ஒரே மலை. அவருக்கு அது திரும்பும் பாதையில் மட்டும் இருந்தது. நான் சுட்டிக்காட்டவில்லை. அவராகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிர்களில் வேகமாக முன்னேறினார். முதலில் நாலு வித்தியாசம், பிறகு ஐந்து. ஒருநாள் காலை ஆறும். தங்கை அடுத்த தெருவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த நாள் ஆறு. அதற்கடுத்த நாளும் ஆறு. பேப்பரைச் சிவப்பு நாடாவோடு என் முன்னால் போட்டுவிட்டு, "செயலாளர்ட்ட சொல்லு, மச்சினனுக்கு வேற வேல பாக்கச் சொல்லி" என்றார்.

ஆனால் அன்று மத்தியானமும் தட்டின் இடது பாதியில் அவியல் மிச்சம் இருந்தது. எங்கள் வாசல் கதவில் தோள் இடித்துக்கொண்டு வந்தார். காகிதத்தில் ஆறுக்கு ஆறு வாங்குகிற ஆள், சொந்த வாசலில் ஏன் இடித்துக்கொள்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. செய்தியறையில் இரண்டு தகவல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் ஒன்றைத் திரும்பச் சரிபார்ப்போம். நான் புதிரைச் சரிபார்த்தேன். என் பழைய படம் ஒன்றை எடுத்து நகல் போட்டு, வித்தியாசங்களையெல்லாம் நானே வேறு இடங்களுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

வலப்பக்கத்து வித்தியாசங்களைச் சரியாகப் பிடித்தார். பிறகு கீழ் இடது மூலையில் ஒரு செருப்பை வட்டமிட்டார். வானத்தில் இடது ஓரம் ஒரு பறவையை வட்டமிட்டார். செருப்பும் பறவையும் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருந்தன.

"இதுல என்ன வித்தியாசம்?"

"இருக்கும். நல்லாப் பாரு."

"நீங்க பாத்தீயளா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "ஏட்டி, நீ எல்லாப் படத்துலயும் கீழ் மூலையில ஒண்ணு, மேல ஒரு காக்கா குருவி வெப்பியே. எத்தன சனிக்கிழம நா ஒனக்குப் பரீட்ச பாத்துக் குடுத்திருக்கேன்?"

அது சரிதான். பக்கம் அச்சுக்குப் போகுமுன் அவரிடம் கொடுத்து, புதிர் கடினமா சுலபமா என்று சோதித்துக்கொள்வது என் வழக்கம். என் கைப்பழக்கம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். மனைவி போட்ட புதிரைக் கணவனுக்குக் கொடுத்து, அவருக்கு மனைவியைத் தெரிந்திருந்ததை மூளை தேறிவிட்டதாக நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

தெரபிஸ்ட் இதைக் கேட்டு ஏமாற்றமடையவில்லை. அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, ஞாபகத்தை அவர் நன்றாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார் என்றாள். "ஆனா ஒண்ணும்மா. புதிர் போட்டா முதல்ல புதிர்தான் நல்லா வரும். தேடுற பொறுமை வரும், நாம ஜெயிக்கலாம்னு ஒரு தெம்பு வரும். அது வேணும். ஆனா தட்டுல சரியாகணும்னா தட்டுலயே பழகணும், ரோட்டுல சரியாகணும்னா ரோட்டுலயே பழகணும். தானா ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தாவிரும்னு நம்பி இருக்கக் கூடாது. அங்கிளுக்கு எதுல சரியாகணும்?"

"ஏலத்துல" என்றார் அவர்.

"அப்ப ஏலத்தையே புதிரா ஆக்குங்க."

ஊர் திரும்பும் பேருந்தில் அவர் மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏல விளையாட்டுக்கு விதிகளை யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலையே எங்கள் வாசலில் பொய் ஏலம் தொடங்கியது. முதல் ஷிப்ட் முடிந்து பெண்கள் வீடு திரும்பி, அடுப்புப் பற்றவைக்குமுன் இருக்கிற இடைவெளிதான் நேரம். அவர் எங்கள் வாசற்படியில் நின்றார். எதிரே தெருவில் தங்கை, இரண்டு மில் பெண்கள், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள். அந்த அம்மாள் என்னை வதினா, அதாவது மதினி, என்று கூப்பிடுவாள். அவள் வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய் உண்டு, அவளைத் தவிர யாருக்கும் அடங்காது. விதிகள் எளிமையானவை. யாரும் வாய் திறக்கக் கூடாது. சைகையால் மட்டும் கேட்க வேண்டும். ஏலப் பொருள் எங்கள் வீட்டுச் சாமான். மூன்றாம் தரம் சொல்வதற்குள் கடைசியாகச் சைகை காட்டியவரை அவர் சரியாகச் சொன்னால் அவருக்கு வெற்றி. தவறவிட்டால் பொருளை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போய்விடுவாள், மறுநாள் அவர் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும்.

முதல் வாரம் எங்கள் வீட்டில் பாத்திரமே இல்லை. இட்லிக் கொப்பரை ஒரு தெருவில், கொசு பேட் இன்னொரு தெருவில். மிக்ஸி ஜாரைத் தங்கை கொண்டுபோனாள்.

"எம்புட்டு நேரமா முந்தானைய ஆட்டிக்கிட்டு நிக்கேன். ஈ ஓட்டுதேன்னு நெனச்சியாண்ணே?"

"நீ வாயத் தெறந்துட்ட. செல்லாது."

"மூணாந் தரம் சொன்ன பொறவுதான் தெறந்தேன். ஜாரு என்னுது. சட்னி அரைக்கணும்னா வீட்டுக்கு வா."

"வதினா, இவரு ஏலம் விட்டா மில்லயே வித்துருவாரு" என்றாள் தெலுங்குக்கார அம்மாள், எங்கள் குத்துவிளக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஆளுக்கு ஆள் ஏமாற்றினார்கள். ஒருத்தி பைக்குப் பின்னால் குனிந்து ஒற்றை விரலை மட்டும் நீட்டுவாள். தங்கை கடைசி நொடியில் இடம் மாறிவிடுவாள். அவருக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும். பொருள் கைவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் முகம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பியது. இடது ஓரத்து மின்கம்பம்தான் அவருடைய ஸ்டாப்பர். கம்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு தரம், மறுபடி கம்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு தரம். நாள் போகப் போகச் சாமான்கள் வீடு திரும்பின. ஒரு மாலை, ஒரு பொருளும் வெளியே போகவில்லை. மில் பெண் ஒருத்தி, "இனிமே வந்து என்ன பிரயோசனம்?" என்று சலித்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது, வன்னியம்பட்டி தாண்டியதும் அவர் என்னைத் தொட்டார்.

"மல இந்தப் பக்கமா இருக்கு?"

"எப்பவும் அங்கதான் இருக்கு."

"நீ ஏன் சொல்லல?" என்றார். பிறகு மையம் வரும்வரை ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு செயலாளர் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மச்சினன் பக்கத்தில் நிற்கட்டும், தேவைப்பட்டால் மைக்கை வாங்கிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. இவர் ஒப்புக்கொண்டார். "என் வலது பக்கம் நிக்கட்டும். இடது பக்கத்த மறைக்க வேண்டாம்" என்றார்.

பண்டிகையன்று வெயில் கடுமை. ஆராதனை முடிந்து ஆட்கள் வளாகத்துக்கு வந்தபோது நான் படிக்குக் கீழே வேப்பமரத்தடியில் நின்றேன். அவர் மைக்கை வாங்கினார். இடது ஓரத்து மணிக்கம்பத்தைத்தான் ஸ்டாப்பராக வைத்திருந்தார். முந்தின நாள் வந்து நின்று பார்த்துப் பழகியிருந்தார். எங்கள் இருவருக்கும் தெரியாமல் போனது ஒன்று. அசனத்துக்கு அண்டா ஏற்றிவந்த வேனை மணிக்கம்பத்துக்கு நேர் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பெண்களில் பாதிப்பேர் வேனுக்கு இந்தப் பக்கமும், மீதிப்பேர் அதைத் தாண்டிச் சுவர் நிழலிலும் நின்றார்கள்.

முதல் பொருள் வாழைத்தார். அவர் முகம் இடது பக்கம் போனது, வேனில் முட்டியது, திரும்பியது. ஒரு ஆண் எடுத்தார். இரண்டாவது, தேங்காய்ச் சாக்கு. சுவர் நிழலில் ஒருத்தி கையிலிருந்த குழந்தையின் கையை உயர்த்திப் பிடித்திருந்தாள். பிடித்தபடியே நின்றாள். மூன்று தரம் சொல்லி ஆண்கள் பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மச்சினன் செயலாளரைப் பார்த்தான். செயலாளர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை, "வேனுக்கு அந்தப் பக்கம்" என்று நான் சொல்லியிருக்கலாம். தங்கை கூட்டத்திலிருந்து என்னை நோக்கி வரத் தொடங்கினாள். அவளும் அதையே சொல்லத்தான் வந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இங்கே யாராவது சொல்லிக் கொடுத்தால் அடுத்த வருடம் மைக் மச்சினன் கையில் இருக்கும்.

மூன்றாவது பொருளைத் தூக்கிக் காட்டினார்கள். அவர் தொகை கேட்கவில்லை. மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கி இரைந்தது. பிறகு மைக்கை வாயருகே கொண்டுவந்தார்.

"ரெண்டு பொருள் போயிருச்சு, ரெண்டும் ஆம்பளையாளுக எடுத்திருக்காக. எங்க சபையில இப்படி நடந்ததே கெடையாது. பொம்பளையாளுக கேக்காம இருக்க மாட்டாக. அப்ப கேக்குதாக, எனக்குத்தான் தெரியல." கூட்டம் அடங்கியது. "கோயில் சுவரு அந்தாக்ல எங்க முடியுது?"

யாரும் பதில் சொல்லுமுன் அவரே படியில் இடது கோடிக்கு நடந்தார். கம்பை ஊன்றி, வேனைத் தாண்டித் தெரிகிற இடம் வரை போய் நின்றார். முகம் திரும்பியது, வேனைக் கடந்தது, பெண்களைக் கடந்தது, சுவரின் மூலைக் கல்லில் போய் நின்றது. அங்கிருந்து மெதுவாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மருத்துவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது: விடுபட்டது விடுபட்டதாகத் தோன்றாது. இப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாததை அவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தார். எந்தப் புதிர்ப் பக்கத்திலும் நான் அவ்வளவு கடினமான ஒன்றை வைத்ததில்லை.

"குழந்தைக் கையத் தூக்கிட்டு நிக்கிற தங்கச்சி, தேங்காச் சாக்குக்குத்தான நின்ன? மன்னிச்சுக்கோ. அடுத்த சாக்கு ஒனக்குக் கேட்டுப் பாப்போம். பிள்ளைக்குக் கை வலிக்கும், எறக்கி விடு."

பெண்கள் பக்கம் சிரித்தது. அதன் பிறகு நடந்தது நான் பல வருடங்களாகப் பார்த்துவந்த ஏலம்தான். அவர் சுவரில் தொடங்கி ஆண்கள் பக்கத்து வேலி வரை போய் மறுபடி சுவருக்கு வந்தார். ஒரு பாட்டியம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தொட்டதைப் பார்த்தார். வேனின் கண்ணாடியில் தெரிந்த ஒரு முந்தானையைக்கூடப் பார்த்து, "கண்ணாடிக்குள்ள நின்னு கேக்குறது யாரு, வெளிய வாங்க" என்றார். செயலாளர் பருத்திச் சிப்பத்தை எப்படியும் தனக்கே என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கை புருவத்தை மட்டும் தூக்கித் தூக்கி அவரை மேலே மேலே ஏற்றிவிட்டாள். "செயலாளர் அய்யா, எதுக்கால யாரு நிக்கான்னு உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரியுது" என்றார் இவர். மச்சினன் எப்போது வலது பக்கத்திலிருந்து இறங்கி, பொருள்களைத் தூக்கிக் காட்டப் போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. அவனே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சேவல் வந்தது. சிவப்பும் கறுப்புமாக, கால் கட்டப்பட்டு, பெரிய சேவல். இரண்டு ஆண்கள் போட்டி போட்டார்கள். ஒரு தரம் சொன்னார், சுவரைப் பார்த்தார். இரண்டு தரம் சொன்னார், சுவரைப் பார்த்தார். நின்றார்.

"சுவத்தோரம். மூணு தரம்."

சுவரோரம் நின்றது எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள். அவள் எங்கள் சபை இல்லை. அசனத்துக்கும் வேடிக்கைக்கும் வந்தவள். கையில் கைக்குட்டை இருந்தது.

"எனக்கா? நா வேத்து ஊத்துதேன்னு மூஞ்சியத் தொடச்சேன்."

"கோயில்ல கை தூக்குனா தூக்குனதுதாம்மா."

"வீட்டுல நாய் இருக்கு. இத நா எங்க கட்ட?"

"நாயக் கேட்டுட்டுத் தூக்கியிருக்கணும்."

அவள் என்னைத் தேடி, "வதினா, ஒங்க வீட்டுக்காரருக்கு இம்புட்டுக் கண்ணு ஆகாது" என்றாள். அதற்குள் மச்சினன் சேவலைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டான். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். திங்கட்கிழமை குழம்பு வைப்பதாகவும் எங்களைக் கூப்பிடப் போவதில்லை என்றும் அங்கிருந்தே அறிவித்தாள்.

அடுத்த பொருள் ஒரு பூசணிக்காய். அவர் மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சுவரின் மூலையிலிருந்து பார்வையைத் தொடங்கினார். உச்சி வெயில். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை வழிய, பெண்கள் பக்கத்தில் ஒருத்திகூட அதைத் துடைக்கக் கையைத் தூக்கவில்லை.